நட்சத்திரத்துக்கு எல்லை கட்டிய சந்திரசேகர்

இந்த முறை என் கட்டுரை கொஞ்சம் நீளம். ஒரு சார்ட் பத்தாமல் பக்கத்தில் இன்னொரு சார்ட்டும் ஒட்டியிருக்கிறேன். கடைசியில் எழுத்து சின்னதாகிவிட்டது, கிட்ட வந்து படிங்க.

போன மாதம் அறிவியல் வகுப்பில் நான் ஒரு கேள்வி கேட்டேன். ஒளியைவிட வேகமாக ஏதாவது போகுமா? அவ்வளவுதான். எங்க அம்மா வீசுற கரண்டி போகும் என்று பின் பெஞ்சில் ஒருத்தன் கத்தினான். வகுப்பே சிரித்தது. எனக்கு முகம் சூடாகிவிட்டது. சாரும் சிரித்தார், ஆனால் பதில் சொன்னார். போகாது, 1905-லேயே ஐன்ஸ்டீன் கணக்குப் போட்டுவிட்டார் என்றார். அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தப் போகாது என்ற ஒரு வார்த்தையை வைத்தே மெட்ராஸ் பையன் ஒருவர் பெரிய விஷயம் கண்டுபிடித்தார், அவர் யார் என்று தேடி சுவர் இதழுக்கு எழுது என்றார். நூலகத்தில் தேடினேன். அவர்தான் சுப்பிரமணியன் சந்திரசேகர்.

முதலில் ஒளியின் வேகத்தைப் பார்ப்போம். ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர். நம்ம காஞ்சிபுரத்திலிருந்து சென்னை சுமார் 75 கிலோமீட்டர். நாம் பஸ் ஏறிப் போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒளி கண் சிமிட்டுற நேரத்தில், அதாவது ஒரு வினாடியில், சென்னைக்குப் போய்த் திரும்புவதை 2000 தடவை செய்துவிடும்! இதற்கு மேல் எந்தப் பொருளாலும் போக முடியாது. எவ்வளவு தள்ளினாலும் இந்த வேகத்தை நெருங்கலாம், தொட முடியாது. சரி, அதனால் நமக்கு என்ன என்று நானும் முதலில் நினைத்தேன்.

சந்திரசேகர் 1910 அக்டோபர் 19-ல் லாகூரில் பிறந்தார். அது இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது. அப்பா சுப்பிரமணிய ஐயருக்கு அங்கே ரயில்வே கணக்குத் துறையில் பெரிய உத்தியோகம். அப்பாவின் தம்பிதான் நம்ம சர் சி.வி.ராமன்! பத்து பிள்ளைகளில் இவர் மூன்றாவது, ஆண் பிள்ளைகளில் மூத்தவர். பன்னிரண்டு வயது வரை பள்ளிக்கூடமே போகவில்லை, வீட்டில்தான் படிப்பு. (கொடுத்து வைத்தவர்!) குடும்பம் மெட்ராஸ் வந்த பிறகு திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் 1922-ல் சேர்ந்தார்.

அம்மா பெயர் சீதாலட்சுமி. அந்தக் காலத்திலேயே இப்சன் என்ற நார்வே நாட்டு எழுத்தாளரின் நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர். 1920-ல் கணித மேதை ராமானுஜன் இறந்தபோது, செய்தித்தாளில் பார்த்துவிட்டு, ஒன்பது வயது சந்திராவுக்கு அதைச் சொன்னது அம்மாதான். அப்பாவுக்கு மகன் ஐ.சி.எஸ். எழுதி கலெக்டர் மாதிரி பெரிய அதிகாரி ஆகணும் என்று ஆசை. பையனுக்கு இயற்பியல் மேல் ஆசை. அம்மா பையன் பக்கம் நின்றார்.

1925-ல் மெட்ராஸ் பிரசிடென்சி கல்லூரி. 1928-ல் ஜெர்மனியிலிருந்து சாமர்ஃபெல்ட் என்ற பெரிய விஞ்ஞானி மெட்ராஸ் வந்தார். சந்திரா தைரியமாக அவர் தங்கியிருந்த இடத்துக்கே போய்விட்டார். நீ படித்த இயற்பியல் எல்லாம் பழசாகிவிட்டது, இப்போது அணுவைப் பற்றிய எண்ணமே மாறிப்போச்சு என்று அவர் சொல்லிவிட்டார். நானாக இருந்தால் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்திருப்பேன். சந்திரா அவரிடமிருந்து அச்சாகாத கட்டுரை ஒன்றை வாங்கி வந்து, தானாகவே புதுப் பாடத்தைப் படித்தார். அடுத்த வருஷமே அவர் எழுதிய கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டி இதழில் வந்தது. அப்போது அவருக்குப் பதினெட்டு பத்தொன்பது வயசுதான். நம்ம ஸ்கூல் ப்ளஸ் டூ அண்ணன்களைவிட ஒரு வயசோ ரெண்டு வயசோ பெரியவர்!

கேம்பிரிட்ஜில் படிக்க அரசாங்க உதவித்தொகை கிடைத்தது. ஆனால் அம்மா ரொம்ப உடம்பு முடியாமல் இருந்தார். போனால் திரும்ப வந்து பார்க்க முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். சொந்தக்காரர்கள் போகாதே என்றார்கள். அவருக்கும் போக மனசில்லை. அம்மாதான் பிடிவாதமாகப் போகச் சொன்னார். 1930 ஜூலை 31-ல் பம்பாயில் கப்பல் ஏறினார். 1931 மே மாதம் அம்மா இறந்துவிட்டார். மகன் அப்போது கேம்பிரிட்ஜில். இந்த இடத்தைப் படித்துவிட்டு புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மறுநாள்தான் மறுபடி எடுத்தேன்.

இனி கப்பல் கதை. இதுதான் முக்கியம், கவனமாகப் படிங்க.

முதல் சில நாள் கடல் ஒத்துக்கொள்ளாமல் படுத்துவிட்டார். அப்புறம் கடல் அமைதியானதும் மேல்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு கணக்கைப் போட ஆரம்பித்தார். எரிபொருள் தீர்ந்துபோன நட்சத்திரம் என்ன ஆகும்? உள்ளே எரிகிறவரைக்கும் அந்தச் சூடு வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். அணைந்துவிட்டால் தன் எடையே தன்னை அமுக்கும். அமுக்கி அமுக்கி, சூரியன் அளவு பொருள் பூமி அளவுக்குச் சுருங்கிவிடும். அதற்கு வெண்குறுமீன் என்று பெயர். அந்தப் பொருளை ஒரு டீஸ்பூன் எடுத்தால் பல டன் எடை இருக்கும்! அதற்கு மேல் ஏன் சுருங்குவதில்லை? இதற்கு 1926-ல் ஃபௌலர் என்ற கேம்பிரிட்ஜ் பேராசிரியர் விடை சொல்லியிருந்தார். எலக்ட்ரான்கள் தடுக்கின்றன.

எப்படித் தடுக்கும்? 2019-ல் அத்திவரதர் வந்தபோது வரதராஜப் பெருமாள் கோயில் கூட்டம் ஞாபகம் இருக்கா? நான் சின்னப் பையன், அப்பா தோளில் இருந்தேன். பின்னாடியிருந்து நெருக்க நெருக்க, முன்னாடி இருப்பவர்கள் முட்டிக்கொண்டு எதிர்த்துத் தள்ளினார்கள். எலக்ட்ரானும் அப்படித்தான். ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான் இருக்கக் கூடாது என்று ஒரு விதி. கீழ் இடம் நிறைந்துவிட்டால் அடுத்தது மேல் படிக்குப் போகணும். மேல் படி என்றால் அதிக வேகம். நெருக்கம் கூடக் கூட வேகம் கூடும், வேகம் கூடினால் எதிர்த்துத் தள்ளும் அழுத்தம் கூடும். ஆக எந்த நட்சத்திரமும் கடைசியில் வெண்குறுமீனாகி நிம்மதியாக இருக்கும். ஃபௌலர் கணக்கு அப்படிச் சொன்னது.

சந்திரா அந்த எலக்ட்ரானின் வேகத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒளியின் வேகத்துக்குக் கிட்டே வந்துவிட்டது! ஃபௌலர் கணக்கில் ஐன்ஸ்டீன் விதியைச் சேர்க்கவே இல்லை. சேர்த்தால் என்ன ஆகும்? பெரிய நட்சத்திரம் அதிகமாக அமுக்கும். எலக்ட்ரான் இன்னும் வேகமாக ஓடணும். ஆனால் ஒளியைத் தாண்டி ஓட முடியாதே! அழுத்தம் கூடுவது நின்றுவிடாது, ஆனால் முன்போல வேகமாகக் கூடாது. எடையின் அமுக்கம் ஜெயித்துவிடும்.

எனக்கு இது முதலில் புரியவில்லை. எங்க அப்பாதான் தெரியாமலே புரிய வைத்தார். எங்க வீட்டில் பட்டுத்தறி. கோர்வை சேலை நெய்யும்போது அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா போடுவாள். ஒரு ராத்திரி அப்பா அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். முதலாளிகிட்ட வாங்கின முன்பணம் கொஞ்சமா இருந்தா, நாலு நாள் கூட உட்கார்ந்து வேகமா நெய்து அடைச்சிடலாம், ஒரு அளவுக்கு மேல போச்சுன்னா எவ்வளவு வேகமா நாடா விட்டாலும் கட்டாது, கைக்கு ஒரு வேகம்தானே என்றார். நான் படுத்திருந்த இடத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எலக்ட்ரானுக்கும் அதேதான்! சமாளிக்கக்கூடிய எடைக்கு ஒரு எல்லை இருக்கிறது. அதுக்கு மேல் போனால் நட்சத்திரம் தாங்காது.

அந்த எல்லை சூரியனைப் போல 1.44 மடங்கு. இதைத்தான் சந்திரசேகர் எல்லை என்று உலகமே சொல்கிறது. (அவர் 1931-ல் வெளியிட்ட முதல் கணக்கில் 0.91 என்று வந்தது. பிறகு சரியான விவரங்களோடு போட்டபோது மாறியது.) நம்ம சூரியன் தப்பித்தது, இன்னும் சுமார் 500 கோடி வருஷம் கழித்து வெண்குறுமீனாகத்தான் ஆகும். ஆனால் ஒரு பெரிய நட்சத்திரம் மேல் பகுதியை எல்லாம் உதறிய பிறகும், மிச்சமிருக்கும் உள்பகுதி இந்த எல்லையைத் தாண்டி இருந்தால்? சுருங்கிக்கொண்டே போகும். எதுவரைக்கும்? கப்பலில் போன பத்தொன்பது வயசுப் பையனிடம் அதற்குப் பதில் இல்லை. கேள்வி மட்டும் இருந்தது.

கேம்பிரிட்ஜில் 1933-ல் டாக்டர் பட்டம். அதே வருஷம் டிரினிடி கல்லூரியின் ஃபெலோ ஆனார். ராமானுஜனுக்குப் பிறகு அந்த இடம் கிடைத்த இரண்டாவது இந்தியர். கணக்கை முழுமையாக முடிக்க இன்னும் நாளானது. அந்த நாட்களில் அடிக்கடி அவர் அறைக்கு வந்து எதுவரை போச்சு என்று விசாரித்தவர் சர் ஆர்தர் எடிங்டன். சாதாரண ஆள் இல்லை. 1919 சூரிய கிரகணத்தில் நட்சத்திர ஒளி வளைவதைப் படமெடுத்து ஐன்ஸ்டீன் சொன்னது சரி என்று காட்டியவர். கணக்குப் போட ஒரு கால்குலேட்டர் இயந்திரம்கூட சந்திராவுக்கு ஏற்பாடு செய்து கொடுத்தார்.

1935 ஜனவரி 11, லண்டன், ராயல் வானியல் கழகக் கூட்டம். சந்திராவுக்கு வழக்கமான நேரத்தைவிட அதிகமாக அரை மணி நேரம் கிடைக்கும்படி எடிங்டனே கேட்டு வாங்கியிருந்தார். ஆனால் தானும் அதே பொருளில் பேசப் போவதை மட்டும் சொல்லவில்லை. முதல் நாள் நிகழ்ச்சி நிரலைப் பார்த்துத்தான் சந்திராவுக்கே தெரிந்தது. அவர் பேசி முடித்ததும் எடிங்டன் எழுந்தார். ஒரு நட்சத்திரம் அப்படிச் சுருங்கிக்கொண்டே போவது பைத்தியக்காரத்தனம், அப்படி நடக்காமல் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தே ஆகணும், இந்தப் பையன் சேர்த்த கணக்கே தப்பு என்கிற மாதிரி பேசினார். கூட்டம் சிரித்தது. முடிந்ததும் ஒவ்வொருவராக வந்து சந்திராவிடம் துக்கம் விசாரிப்பதுபோலப் பேசிவிட்டுப் போனார்கள். அவருக்கு இருபத்து நான்கு வயசு.

பின் பெஞ்சு சிரிப்புக்கே எனக்கு அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை. அங்கே சிரித்தவர்கள் உலகத்தின் பெரிய வானியல் அறிஞர்கள்!

இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. ஐன்ஸ்டீனை உலகத்துக்குக் காட்டியவரே எடிங்டன். அந்த ஐன்ஸ்டீன் விதி போட்ட வேக எல்லையை ஒரு பையன் நட்சத்திரத்தில் பொருத்திக் காட்டினால், விடை பிடிக்கவில்லை என்பதற்காகக் கணக்கைத் தப்பு என்கிறார். கணக்கில் எந்த வரியில் தப்பு என்று காட்டியிருந்தால் பரவாயில்லை. சந்திரா கோபன்ஹேகனில் இருந்த தன் நண்பருக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். போர், பௌலி போன்ற மேதைகள் பார்த்துவிட்டு சந்திரா சொல்வதுதான் சரி என்றார்கள். தனியாகத்தான்! வெளியே வந்து சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. அதே வருஷம் பாரிஸ் மாநாட்டிலும் எடிங்டன் பேசினார். பதில் சொல்ல நேரம் கேட்டு சந்திரா சீட்டு அனுப்பினார். தலைவர் அனுமதிக்கவில்லை.

சாரிடம் இதைச் சொன்னபோது, எடிங்டன் கெட்டவர் இல்லைடா என்றார். அது உண்மைதான். அதற்குப் பிறகும் இருவரும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். 1944-ல் எடிங்டன் இறந்தபோது சந்திரா அவரைப் புகழ்ந்து பேசினார். பல வருஷம் கழித்து எடிங்டனைப் பற்றி ஒரு சின்னப் புத்தகமே எழுதினார். எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லை.

1936-ல் ஊருக்கு வந்து லலிதாவைக் கல்யாணம் செய்துகொண்டார். பிரசிடென்சியில் இயற்பியல் படித்தவர், இவருக்கு ஒரு வருஷம் ஜூனியர். அந்தப் பயணத்தில் இன்னொரு நல்ல காரியமும் செய்தார். ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளைத் தேடிப் போய்ப் பார்த்து, பாஸ்போர்ட்டில் இருந்த ராமானுஜன் போட்டோவைக் கண்டெடுத்தார். நம்ம கணக்குப் புத்தகத்திலும் தபால் தலையிலும் ராமானுஜனை நேராகப் பார்க்கிற மாதிரி ஒரு முகம் வருமே, அது அந்தப் படத்திலிருந்து வந்ததுதான்.

1937-ல் அமெரிக்கா, சிகாகோ பல்கலைக்கழகம். சாகும்வரை அங்கேதான். தன் கணக்கை எல்லாம் சேர்த்து 1939-ல் ஒரு புத்தகமாகப் போட்டார். சண்டை போட்டுக்கொண்டே இருக்காமல் வேறு பாடத்துக்குப் போய்விட்டார். அப்புறமும் அவர் வழக்கம் அதுதான். ஒரு துறையில் பத்து வருஷம் மாதிரி உழைப்பார், முழுசாக ஒரு புத்தகம் எழுதுவார், அடுத்த துறைக்குப் போய்விடுவார். 1952 முதல் 1971 வரை உலகத்தின் முக்கியமான வானியற்பியல் இதழுக்கு ஆசிரியராகவும் இருந்தார். (நம்ம சுவர் இதழுக்கு ஒரு மாசம் ஆசிரியராக இருப்பதற்கே மூச்சு வாங்குது.) அவரிடம் வகுப்பில் படித்த லீ, யாங் இருவரும் 1957-லேயே நோபல் பரிசு வாங்கிவிட்டார்கள். வாத்தியாருக்கு முன்னாடி மாணவர்கள்!

அந்தக் கேள்வி மட்டும் அப்படியே நின்றது. சுருங்கிக்கொண்டே போகும் நட்சத்திரம் எங்கே போகும்? 1967-ல் இங்கிலாந்தில் ஜோசலின் பெல் என்ற ஆராய்ச்சி மாணவி, வானத்திலிருந்து கடிகாரம்போல் துடிக்கும் ரேடியோ அலையைக் கண்டுபிடித்தார். அது நியூட்ரான் நட்சத்திரம். வெண்குறுமீன் எல்லையைத் தாண்டிச் சுருங்கியது, ஒரு நகரம் அகலத்துக்கு. அதையும் தாண்டினால் கருந்துளை. அதற்குள் போன எதுவும் வெளியே வர வேண்டுமானால் ஒளியைவிட வேகமாகப் போகணும். முடியாதே! அதனால்தான் ஒளிகூட அதற்குள்ளே மாட்டிக்கொள்கிறது. எடிங்டன் எது நடக்கவே கூடாது என்றாரோ அது வானம் முழுக்க நடந்துகொண்டிருக்கிறது. சந்திரா அறுபது வயசுக்கு மேல் கருந்துளைகளின் கணிதத்தை எடுத்துப் படித்து, 1983-ல் பெரிய புத்தகம் எழுதினார்.

அதே 1983 அக்டோபர் 19, அவருடைய 73-வது பிறந்தநாள். அன்றைக்குத்தான் நோபல் பரிசு அறிவிப்பு வந்தது. கப்பலில் கணக்குப் போட்டு 53 வருஷம்! 1995 ஆகஸ்ட் 21-ல் சிகாகோவில் காலமானார். 1999-ல் அமெரிக்கா விண்ணுக்கு அனுப்பிய எக்ஸ்-கதிர் தொலைநோக்கிக்கு சந்திரா என்று அவர் பெயரையே வைத்தார்கள்.

என் கேள்விக்குத் திரும்ப வருகிறேன். ஒளியைவிட வேகமாக ஏதாவது போகுமா? நான்தான் முதலில் கேட்டேன் என்று இல்லை. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த கேரளத்துக்காரர் ஈ.சி.ஜி.சுதர்சன், 1962-ல் இரண்டு பேரோடு சேர்ந்து, பிறக்கும்போதே ஒளியைத் தாண்டிய வேகத்தில் இருக்கும் துகள்கள் இருந்தால் ஐன்ஸ்டீன் விதி அதைத் தடுக்காது என்று கட்டுரை எழுதினார். பிறகு அதற்கு டாக்கியான் என்று பெயர் வைத்தார்கள். இதுவரை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 2011-ல் ஐரோப்பாவில் நியூட்ரினோ என்ற துகள் 730 கிலோமீட்டர் தூரத்தை ஒளியைவிடக் கொஞ்சம் முன்னாடியே கடந்துவிட்டது என்று ஒரே பரபரப்பு. கடைசியில் பார்த்தால் ஒரு கேபிள் சரியாகச் சொருகவில்லையாம்! தண்ணீருக்குள் மட்டும் ஒரு வழி இருக்கிறது. அங்கே ஒளியே மெதுவாகப் போகும், வினாடிக்கு சுமார் 2.25 லட்சம் கிலோமீட்டர். அதை எலக்ட்ரான் முந்திவிடும், அப்போது நீல வெளிச்சம் வரும். ஆனால் வெற்றிடத்தில் ஒளி போகும் வேகத்தை முந்தியது இன்றுவரை எதுவும் இல்லை. இதை அந்தப் பின் பெஞ்சு நண்பனிடம் சொன்னேன். கரண்டி விஷயத்தில் மட்டும் அவன் ஒத்துக்கொள்ளவில்லை.

தை மாதம் ராத்திரி எட்டு மணி வாக்கில் செவிலிமேடு பாலாற்றுப் பாலம் பக்கம் பெரியவர்களோடு போய் நின்று கிழக்கே பாருங்கள். வரிசையாக மூன்று நட்சத்திரம் தெரியும். அந்தக் கோட்டை அப்படியே கீழே தென்கிழக்காக நீட்டினால் ரொம்பப் பளிச்சென்று ஒன்று. அதுதான் சிரியஸ். அதற்குப் பக்கத்திலேயே ஒரு வெண்குறுமீன் சுற்றுகிறது, பூமியைவிடச் சற்றே சின்னது, எடை கிட்டத்தட்ட நம்ம சூரியன் அளவு. வெறும் கண்ணுக்குத் தெரியாது, பெரிய தொலைநோக்கி வேணும். நான் சிரியஸை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன். அன்று என் கண்ணில் பட்ட ஒளி அங்கிருந்து கிளம்பி எட்டரை வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அது கிளம்பியபோது நான் ஒண்ணாம் வகுப்பு, ஸ்லேட்டில் அ, ஆ எழுதிக்கொண்டிருந்தேன்.

- 9-ஆம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு மாணவன்